அமேசான் அசோசியேட்ஸ்: கமிஷன் கொஞ்சம், நிபந்தனை நிறைய

பொறுமை இல்லாதவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் பொருளைப் பரிந்துரைத்து, அது விற்றால் கமிஷன் வாங்குவதுதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். அது எப்படி நடக்கிறது என்று சொந்தமாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள, அமேசான் நடத்தும் அமேசான் அசோசியேட்ஸ் திட்டம் நல்ல இடம். சேரக் காசு கிடையாது, தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கடை, பொருளைப் பற்றி நீங்கள் சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இதை மட்டும் நம்பி யாராவது வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கே திண்டாட வேண்டியிருக்கும். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். மீதி இரண்டு எங்கே போயிற்று என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் எழுதுவது சமையலறைச் சாமான்கள் பற்றி. மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு, வார்ப்பிரும்புத் தோசைக்கல் இந்த மாதிரி. தமிழில்தான் எழுதுகிறேன், சில சமயம் வீடியோவும் போடுவது உண்டு. அதனால் நான் சொல்வது இந்த வகைக்குப் பொருந்தும். ஹோஸ்டிங் (இணையதளம் நடத்த வாடகைக்குக் கிடைக்கும் இடம்), மென்பொருள், கிரெடிட் கார்டு பற்றிப் பேசுகிறவர்களின் கணக்கே வேறு, அவர்களிடம் வரவும் வேறு, மனசாட்சிக்கு வரும் சோதனையும் வேறு.

விஷயம் புதிதல்ல. நம் ஊர் வீட்டுத் தரகர் செய்வதுதான். வீடு அவருடையது இல்லை, வாடகைக்கு வருகிறவரும் அவருக்கு உறவில்லை, இரண்டு பேரையும் சேர்த்துவைத்தால் ஒரு தொகை. வித்தியாசம் என்னவென்றால், இங்கே வாங்குகிறவர் தரகு கொடுப்பதில்லை, அவருக்கு விலை கூடுவதும் இல்லை, கடைக்காரர் தன் லாபத்திலிருந்து கொடுக்கிறார். இன்னொரு வித்தியாசம், தரகர் யார் என்பதை நினைவு வைத்துக்கொள்வது மனிதர் அல்ல, பிரவுசரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் குறிப்பு. அதற்குப் பெயர் குக்கி.

இணையத்தில் இந்த வேலையை அமேசான்தான் கண்டுபிடித்தது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. இசைத்தட்டு விற்ற சிடிநவ் என்ற கடை 1994லேயே இப்படி ஒன்றை நடத்தியது. அமேசான் 1996 ஜூலையில் தொடங்கியது, அப்போது அது வெறும் புத்தகக் கடை. ஆனால் யார் வேண்டுமானாலும் சேரலாம், எந்தச் சின்னப் பக்கத்திலிருந்தும் விற்கலாம் என்று இதைப் பரவலாக்கியது அமேசான்தான் என்பதில் சந்தேகமில்லை. இந்தியாவுக்கு அந்தக் கடை 2013 ஜூனில் வந்தது.

எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கணக்குத் திறந்ததும் உங்களுக்கு ஒரு அடையாளக் குறி கிடைக்கும். இந்தியக் கணக்கு என்றால் அதன் முடிவில் 21 என்று இருக்கும். அமேசானில் எந்தப் பொருளின் பக்கத்துக்குப் போனாலும் மேலே சைட்ஸ்ட்ரைப் என்று ஒரு பட்டை தெரியும், அதில் ஒரு தட்டு தட்டினால் உங்கள் குறி சேர்ந்த லிங்க் தயார். அதை உங்கள் கட்டுரையிலோ வீடியோவின் கீழேயோ போடுகிறீர்கள். யாராவது அதைத் தொட்டு அமேசானுக்குள் போனால், அந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் அவர் உங்கள் கணக்கில் இருக்கிறார். அதற்குள் அவர் வாங்குவதற்கு உங்களுக்குக் கமிஷன். 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் போட்டுவைத்தால் மட்டும், வாங்குவதற்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் வரை அவகாசம் உண்டு.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. நீங்கள் காட்டிய பொருளைத்தான் அவர் வாங்க வேண்டும் என்று இல்லை. தோசைக்கல் பார்க்க வந்தவர் அதை விட்டுவிட்டுக் குழந்தைக்கு டயப்பரும் மாமியாருக்கு முழங்கால் பெல்ட்டும் வாங்கினாலும் ஏதோ ஒரு தொகை வந்து விழும். யார் வாங்கினார்கள் என்பது தெரியாது, என்ன வாங்கினார்கள் என்பது மட்டும் ரிப்போர்ட்டில் தெரியும். அந்தப் பட்டியலைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. அது மட்டுமல்ல, உங்கள் வாசகர்கள் நிஜத்தில் எந்த விலையில் எந்த மாதிரிப் பொருள் வாங்குகிறார்கள் என்று அதில் தெரிந்துவிடுகிறது. பாராட்டு மழை பொழிந்த பத்தாயிரம் ரூபாய் மிக்ஸியை யாரும் தொடவில்லை, மூலையில் ஒரு வரி எழுதிய இருநூறு ரூபாய்த் தேங்காய்த் துருவி ஓடுகிறது என்று தெரிந்தால் அடுத்து என்ன எழுதுவது என்பது தானாக வந்துவிடும்.

24 மணி நேரம் என்பதுதான் முதல் வில்லன். ஐம்பது ரூபாய் வடிகட்டிக்கு அது போதும். கிரைண்டர் வாங்க ஒரு நாளில் முடிவெடுக்கிற குடும்பத்தை நான் பார்த்ததில்லை. பார்ப்பார்கள், கணவருக்கு அனுப்புவார்கள், அக்காவிடம் கேட்பார்கள், ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருப்பார்கள், பக்கத்துத் தெருக் கடையில் விலை விசாரிப்பார்கள். இத்தனையும் முடிந்து வாங்க வரும்போது உங்கள் குக்கி செத்துப் பல நாள் ஆகியிருக்கும். பல நிறுவனங்கள் 30 நாள் வரை கொடுக்கும்போது இவர்கள் ஒரே நாளில் நிற்பது கஞ்சத்தனம்தான், ஆனால் யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் இருக்கிறார்கள்.

இரண்டாவது வில்லன், கடைசிக் கிளிக். நீங்கள் அரை மணி நேரம் மாவு அரைத்துக் காட்டி, மோட்டார் சூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்லி, சத்தம் எவ்வளவு என்று பதிவு செய்து போட்டிருக்கலாம். வாசகர் அதைப் பார்த்து மனசுக்குள் முடிவெடுத்துவிட்டு, வாங்கும் முன் டெலிகிராமில் ஏதோ ஆஃபர் சேனலின் லிங்க்கைத் தொட்டுவிட்டால் கமிஷன் அந்தச் சேனல்காரருக்கு. உழைத்தவருக்கு ஒன்றும் இல்லை. இது அமேசானில் மட்டும் இருக்கும் குறை இல்லை, இந்தத் தொழிலின் பெரும்பகுதி இப்படித்தான் ஓடுகிறது.

இந்தக் கடைசிக் கிளிக் எவ்வளவு பெரிய ஓட்டை என்பது 2024 டிசம்பரில் ஊருக்கே தெரிந்தது. ஹனி என்று ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் ஒரு சின்னச் செயலி, கூப்பன் தேடித் தருகிறேன் என்று சொல்லும். பேபால் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து வாங்கிய நிறுவனம் அது. பணம் கட்டும் நேரத்தில் அது உள்ளே நுழைந்து யூடியூபர்களின் குறியை எடுத்துவிட்டுத் தன் குறியைப் போட்டுக்கொள்கிறது என்று ஒரு யூடியூபர் வீடியோ வெளியிட, வழக்குகள் வரை போனது. அதே ஹனியைத் தங்கள் வீடியோவில் காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் செய்தவர்களும் இதே யூடியூபர்கள்தான், அந்த வேடிக்கையையும் சொல்லத்தான் வேண்டும். 2025 மார்ச்சில் கூகுள் தன் குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை இறுக்கியது. பயனருக்கு நன்மை எதுவும் தராமல், அவர் எதையும் தொடாமல், அஃபிலியேட் குறியைச் செருகக் கூடாது என்று. இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. ஈபேயில் பெரிய அளவில் கமிஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், யாரும் கிளிக் செய்யாமலே குக்கியைத் திணித்த குற்றத்துக்காக 2014இல் அமெரிக்காவில் சிறைத் தண்டனை பெற்றார்.

காசு விஷயத்துக்கு வருவோம், எல்லாரும் அதற்காகத்தானே படிக்கிறீர்கள். கமிஷன் பொருளின் வகையைப் பொறுத்தது. செல்போன் மாதிரி விலை கூடிய, லாபம் மெலிந்த பொருள்களுக்கு மிகக் குறைவு; துணிமணி, சமையலறைச் சாமான், அழகு சாதனம் போன்றவற்றுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. அட்டவணை அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறது, இங்கே எழுதிவைத்தால் நாளைக்கே மாறிவிடும். ஒரு கணக்குக்காக 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 ரூபாய்த் தோசைக்கல் விற்றால் 40 ரூபாய். மாதம் 10,000 ரூபாய் வேண்டும் என்றால் 250 கல் விற்க வேண்டும். லிங்க்கைத் தொடுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் வாங்குகிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் தொட வேண்டும், அத்தனை பேர் தொட வேண்டும் என்றால் எத்தனை பேர் படிக்க வேண்டும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தே மாதம் லட்சம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பெருக்கலை மட்டும் காட்டவே மாட்டார்கள்.

வந்த பணமும் உடனே கைக்கு வராது. மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் பட்டுவாடா, அதுவும் குறைந்தபட்சத் தொகை சேர்ந்திருந்தால். நடுவில் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் கமிஷனும் போய்விடும், அது நியாயம்தான். துணி பற்றி எழுதுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அளவு சரியில்லை என்று திரும்பிப் போகிற கதையைக் கண்ணீரோடு சொல்வார்கள். பான் எண்ணைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி, 20 சதவீதம் வரை போகும். கமிஷனுக்கான டிடிஎஸ் 2024 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது, ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரை பிடித்தமே இல்லை என்று 2025 ஏப்ரலில் வரம்பையும் உயர்த்தினார்கள். ஜிஎஸ்டி பற்றி ஆண்டு வரவு 20 லட்சத்தை நெருங்கும்போது கவலைப்படலாம். நெருங்கினால் எனக்கும் சொல்லுங்கள், பாராட்டு விழா எடுப்போம்.

இதைவிட முக்கியமான ஒன்று, விகிதத்தை அவர்கள் நினைத்தபோது மாற்றலாம். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கில் எல்லாரும் இணையத்தில் வாங்கிக்கொண்டிருந்த நேரம், அமெரிக்காவில் அமேசான் கமிஷனை வெட்டியது. மரச்சாமான், வீட்டுச் சீரமைப்புப் பொருள்களுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 ஆனது, மளிகைக்கு 5 என்பது 1 ஆனது. அதை மட்டும் நம்பி ஆள் வைத்து எழுதிக்கொண்டிருந்த தளங்களின் வருமானம் ஒரே அறிவிப்பில் பாதிக்கும் கீழே போயிற்று. நம் ஊரிலும் ஒப்பந்தம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மதிப்பெண்ணை நான் குறைத்தது முழுக்க இதற்காகத்தான், மற்றொன்று அந்த 24 மணி நேரத்துக்கு.

நிபந்தனைகள்? சேரும்போது யாரும் படிப்பதில்லை, ஆனால் கணக்கு மூடப்படுவது இவற்றால்தான். சேர்ந்த 180 நாளுக்குள் தகுதியான விற்பனை குறைந்தது மூன்று நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு மூடப்படும், பின்னால் திரும்ப விண்ணப்பிக்கலாம். உடனே எல்லாருக்கும் தோன்றுவது, நாமே நம் லிங்க்கில் மூன்று வாங்கிவிடலாமே என்பது. கூடாது. உங்கள் சொந்தக் கொள்முதல் செல்லாது, தம்பியையும் சித்தப்பாவையும் தூண்டி வாங்கவைப்பதும் விதிப்படி தப்பு. குடும்பத்து வாட்ஸாப் குழுவை நம்பி இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டும்.

அப்புறம், விலையைக் கையால் எழுதி வைக்கக் கூடாது. இன்றைக்கு 3,499 என்று எழுதினால் நாளைக்கு வேறாக இருக்கும், வாசகர் ஏமாந்ததாக நினைப்பார், ஆகவே இந்த விதியில் எனக்கு வருத்தம் இல்லை. அமேசானில் இருக்கும் வாடிக்கையாளர் விமர்சனங்களையோ படங்களையோ இஷ்டத்துக்கு எடுத்து ஒட்டுவதும் கூடாது. முன்பு சைட்ஸ்ட்ரைப் வழியாகவே படத்தோடு லிங்க் எடுக்கும் வசதி இருந்தது, 2023 முடிவில் அதை எடுத்துவிட்டார்கள், பழைய கட்டுரைகளில் படம் இருந்த இடமெல்லாம் ஓட்டை விழுந்த தளங்கள் ஏராளம். இதற்கு ஒரே வழி, சாமானை வாங்கிப் படத்தை நாமே எடுப்பது. அப்படி எடுத்த படத்துக்குத்தான் வாசகரிடம் மதிப்பும் இருக்கிறது, மாவு ஒட்டிய கிரைண்டரைக் கம்பெனிப் படத்தில் பார்க்க முடியாதே.

கமிஷன் வருகிறது என்பதை வாசகரிடம் சொல்லியாக வேண்டும். அமேசான் அசோசியேட் என்ற முறையில் தகுதியான விற்பனைகளில் எனக்கு வருமானம் உண்டு என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை அமேசானே கட்டாயமாக்கியிருக்கிறது. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது, கூடவே ஒரு நல்ல விஷயத்தையும் சேர்த்திருக்கிறது: எந்த மொழியில் பரிந்துரைக்கிறீர்களோ அந்த மொழியிலேயே இதையும் சொல்ல வேண்டும். தமிழில் பதினைந்து நிமிடம் பேசிவிட்டு, கீழே யாரும் திறக்காத இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டால் அது சொன்னதாகாது. தவறான பரிந்துரைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. வாசகர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். சொன்னதற்காக யாரும் என்னைத் திட்டியதில்லை, உங்கள் லிங்க்கை எங்கே வைத்திருக்கிறீர்கள், அதிலேயே வாங்குகிறேன் என்று கேட்டவர்கள்தான் உண்டு.

இனி மேலே சொன்ன மனசாட்சிச் சோதனை. கமிஷன் எங்கே கூடுதலோ அங்கே விமர்சனமும் இனிப்பாகிவிடுகிறது. ஹோஸ்டிங் விற்கிறவர்கள் ஒரு வாடிக்கையாளருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள், ஆகவேதான் சிறந்த பத்து ஹோஸ்டிங் என்று தேடினால் எல்லாத் தளத்திலும் அதே ஐந்தாறு பெயர் மாறி மாறி வருகிறது. என் வகையில் இது வேறு உருவத்தில் வருகிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, அங்கே சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் அருமையாகச் செய்கிறார்கள், ஆனால் அவர்களில் பலருக்கு அமேசானில் கடை கிடையாது. கல்சட்டி விற்கிற சிலரும் அப்படித்தான், இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, வாட்ஸாப்பில் ஆர்டர் எடுத்து, வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்புகிறார்கள். அவர்கள் பொருள் மேல் என்று எழுதினால் எனக்கு ஒரு பைசா வராது. லிங்க் இருக்கிற பொருளைப் பற்றி மட்டுமே எழுதத் தொடங்கினால் வாசகர் நம்மை நம்புவதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன், வருமானம் குறைகிறது, குறையட்டும்.

இதைப் பெரிய அளவில் ஒழுங்காகச் செய்தது வயர்கட்டர். 2011இல் தொடங்கிய தளம், விளம்பரத்தை நம்பாமல் அஃபிலியேட் கமிஷனில் ஓடியது, ஒரு வகைக்கு ஒரே பொருளைப் பரிந்துரைக்கும், அதற்கு முன் வாரக்கணக்கில் சோதிக்கும். 2016இல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. சோதிக்கிறவருக்குக் கமிஷன் எவ்வளவு என்று தெரியக் கூடாது என்பது அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு. நம் மாதிரித் தனியாக எழுதுகிறவர்களுக்கு அது முடியாது, சோதிப்பதும் நாம்தான், கல்லாவில் உட்காருவதும் நாம்தான்.

அமேசானை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கேஷ்பேக் தளமான கேஷ்கரோவை நடத்துகிறவர்களின் எர்ன்கரோ இருக்கிறது, பல கடைகளின் லிங்க்கை ஒரே இடத்தில் எடுக்கலாம், தளம் எதுவும் இல்லாமல் நண்பர்களுக்கு அனுப்பிச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு அது வசதி. வீடியோக்காரர்கள் என்றால் 2024 அக்டோபரில் யூடியூப் ஷாப்பிங் அஃபிலியேட் திட்டம் ஃபிளிப்கார்ட், மிந்த்ராவோடு சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. பொருளை வீடியோவுக்குள்ளேயே காட்டலாம், கீழே போய் லிங்க் தேட வேண்டாம். எனக்குக் கடைசியில் ஒத்துவந்தது இது எதுவும் இல்லை, நேரடி ஏற்பாடுதான். ஒரு சின்ன விற்பனையாளரிடம் பேசி, என் வாசகர்களுக்கென்று ஒரு கூப்பன் குறி. அதைச் சொன்னால் அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளுபடி, எனக்கு 10 சதவீதம். குக்கி வேண்டாம், 24 மணி நேரம் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாங்கினாலும் குறியைச் சொன்னால் கணக்கு வரும்.

சொந்தமாக இணையக் கடை நடத்துகிறவர்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். நீங்களே இப்படி ஒரு திட்டம் வைக்கலாம், பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை, தொடக்கத்தில் கூப்பன் குறியும் ஒரு எக்செல் தாளும் போதும். முதலில் உங்கள் லாபம் எவ்வளவு என்று பாருங்கள், அனுப்பும் செலவும் ரிட்டர்னும் போக மிஞ்சுவதில்தான் கமிஷன் கொடுக்க முடியும். ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகு பணம் கொடுங்கள், ஆனால் சொன்ன தேதியில் கொடுங்கள். உங்கள் பெயரையே கூகுள் விளம்பரத்தில் போட்டு, எப்படியும் உங்களிடம் வரவிருந்தவரைத் தன் கணக்கில் காட்டுகிறவர்களைத் தடை செய்ய ஒரு வரி எழுதிவையுங்கள். ஐந்நூறு பேரைச் சேர்ப்பதைவிட, பொருளை உண்மையாகவே பயன்படுத்துகிற ஐந்து பேர் போதும்.

கடைசியாக, இதைக் கற்றுத்தருகிறேன் என்று ஐயாயிரம், பத்தாயிரம் கேட்கிற வகுப்புகள். மேலே எழுதியிருப்பதில் பெரும்பாலானவை அமேசானின் உதவிப் பக்கங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. வகுப்பு நடத்துவது குற்றமில்லை, ஆனால் அந்த வகுப்பையே நீங்கள் இன்னும் பத்துப் பேருக்கு விற்றால்தான் போட்ட பணம் திரும்பும் என்று சொன்னால், அவர்கள் கீழே சேர்க்கிறவர்களிடமிருந்தும் உங்களுக்குப் பங்கு வரும் என்று சொன்னால், அதற்கு அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெயர் வைத்தாலும் அது வேறு. ஆள் சேர்ப்பதற்குப் பணம் கொடுக்கும் பிரமிட் திட்டங்களை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன, பணச் சுழற்சித் திட்டங்களுக்கு எதிரான சட்டம் 1978லிருந்தே இருக்கிறது. யாராவது ஜூம் கூட்டத்துக்கு அழைத்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாங்குகிறவர் யாரையும் சேர்க்காமல், வெறும் பொருளுக்காகவே இதை இந்த விலைக்கு வாங்குவாரா? பதில் வருவதற்குள் உங்களை மியூட் செய்துவிட்டார்கள் என்றால் கூட்டத்தை விட்டு வெளியே வந்துவிடலாம்.